பணியறம்

மழலையர் கல்வி விதிப்புத்தகங்களில் ‘எத்திக்ஸ்’ என்பதை ஒழுக்கம், நன்னெறி, நடத்தை விதி என ஆளுக்கொரு விதமாகப் பெயர்க்கிறார்கள். பேச்சில் ‘தொழில் தர்மம்’. ஒழுக்கம் என்று எழுதினால் ஆசிரியர் காதில் விழுவது ஒழுங்கு நடவடிக்கைதான்: நேரத்துக்கு வந்தாரா, கைப்பேசியைத் தொட்டாரா.

எத்திக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்கத்தின் ‘ஈதோஸ்’. மிகப் பழைய வழக்கில் அது விலங்குகள் பழகித் தங்கும் இடம். பிறகு பழக்கம், அதன்பின் ஒருவரின் குணம். வேரைப் பார்த்தால் ஒழுக்கமே இதற்கு நெருக்கம். ஒழுகு என்றால் நட, நீர்போல் ஓடு. ஆனால் இன்று எத்திக்ஸ் என்பது எது சரியென்று ஆராய்ந்து முடிவெடுப்பதையும் குறிக்கிறது. அந்தச் சுமையைத் தாங்கும் சொல் அறம். ‘அறு’ என்ற வினையிலிருந்து, வரையறுத்தல் என்ற பொருளில் பிறந்தது என்பர். ஆகவே தொழில்சார்ந்த எத்திக்ஸ் பணியறம். அன்றாட நடத்தை பணியொழுக்கம். விதித்தொகுப்பு பணியறக் கோவை.

ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டது. மாலையில் தாய் கேட்கிறார், “யார் கடிச்சது?” காயத்தைச் சோப்பு நீரில் கழுவியது, குளிர் ஒத்தடம் கொடுத்தது, நேரத்தையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதியது எல்லாம் பணியொழுக்கம். நடந்ததை மறைக்காமல் சொல்லி, கடித்த குழந்தையின் பெயரை மட்டும் சொல்லாதிருப்பது பணியறம். ‘விளையாடும்போது பட்டது’ என்று எழுதச் சொல்லும் பொறுப்பாளர் இரண்டையும் உடைக்கிறார்.

அமெரிக்காவின் இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கம் 1989இல் ஏற்ற பணியறக் கோவை, கடமைகளைக் குழந்தை, குடும்பம், சக பணியாளர், சமூகம் என நான்காகப் பிரிக்கிறது. குழந்தைக்குத் தீங்கு செய்யாமை மற்றெல்லா விதிக்கும் முந்தியது என்றும் சொல்கிறது. அறக்கடமையையும் அறச்சிக்கலையும் அது பிரித்துப் பார்ப்பது மிகப் பயனுள்ளது. பதிவேட்டில் பொய் எழுதாமை கடமை. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரு பக்கமும் நியாயம் இருந்தால்தான் சிக்கல்.

“அழுவான், சொல்லாம நழுவிடறேன்” என்கிறார் காலையில் மகனைக் கொண்டுவந்து விடும் ஒரு தந்தை. அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். குழந்தையின் நம்பிக்கையையும் காக்க வேண்டும். முதலில் எந்த இரு கடமைகள் மோதுகின்றன என்று பெயரிட வேண்டும். அடுத்து நடுவழி தேட வேண்டும்: ஒரே வாசகம், ஒரு அணைப்பு, ஒரு நிமிடத்தில் விடைபெறல். அதற்கும் அவர் இசையாவிட்டால், குழந்தையை ஏமாற்றத் துணைபோக முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

தலைமைக்கு இன்னும் ஒரு படி உண்டு. கடித்த பதிவுகளை வரிசையாகப் படித்தால், எல்லாம் மதிய உணவுக்கு முந்தைய அரைமணியில், ஓர் ஆசிரியர் தட்டெடுக்க வெளியே போகும் நேரத்தில் நடந்திருக்கலாம். அந்த அரைமணிக்கு இன்னொருவரை நிறுத்துவது பொறுப்பாளரின் பணியறம். ஆசிரியருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது அல்ல.