இடுப்பு முறிவு அறுவையில் காணாமல் போகும் ரத்தம்

வயதானவர் கீழே விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து ஆபரேஷன் நடக்கிறது, உறிஞ்சு பாட்டிலிலும் துணிகளிலும் சேர்ந்த ரத்தத்தைக் கணக்கிட்டால் 200 மில்லிதான் வருகிறது, ஆனால் இரண்டாம் நாள் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-லிருந்து 8.5-க்கு இறங்கி நிற்கிறது. யாரும் கணக்கில் தப்பு செய்யவில்லை. பெரும்பகுதி ரத்தம் வெளியே வராமல் தொடைத் தசைகளுக்கு நடுவே கசிந்து தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஏற்றிய சலைனும் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்க வைத்திருக்கும்.

இப்படி மறைந்து போகும் ரத்தத்தை டென்மார்க்கில் கணக்கிட்டுப் பார்த்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்த இழப்பு, அறுவை நேரத்தில் கண்ணால் பார்த்ததைப் போலப் பல மடங்கு இருந்தது. தொடை எலும்புக்குள் நெயில் என்ற உலோகக் கம்பி போட்டவர்களுக்குச் சராசரி ஒன்றரை லிட்டரை நெருங்கியது. 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் மூன்றேகால் லிட்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எலும்பு எங்கே முறிந்தது என்பதும் முக்கியம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மூட்டைச் சுற்றிய உறைக்குள் இருப்பதால், அங்கே முறிந்தால் கசியும் ரத்தம் உறைக்குள்ளேயே அடைபட்டு அழுத்தம் ஏறி, ஓரளவுக்கு மேல் போகாமல் நின்றுவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே முறிந்தால் அந்த உறை கிடையாது. அந்த இடத்து எலும்பு பஞ்சு போன்றது, ரத்தம் ஊறியது, தசையில் ஒரு ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டுவதைப் போல அதைக் கட்டவும் முடியாது. இந்த வகையில் ஆளை மேசையில் ஏற்றுவதற்கு முன்பே நிறைய ரத்தம் போயிருக்கும்; வந்த அன்று எடுத்த ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது, ரத்தம் போன உடனே அந்த எண் இறங்குவதில்லை.

இளைஞர் உடம்பு இதைச் சமாளிக்கும், இதயம் வேகமாகத் துடித்துக் குறையை ஈடுகட்டும். 80 வயது இதயம் விறைத்துப் போயிருக்கும், பலர் துடிப்பை மட்டுப்படுத்தும் பிபி மாத்திரையும் சாப்பிடுவார்கள், அதனால் நாடித்துடிப்பு ஏறாமலே நிலைமை மோசமாகலாம்.

சரி, என்ன செய்யலாம்? இங்கேதான் டிரானெக்சாமிக் ஆசிட் வருகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து என்று இதைச் சொல்வதுண்டு, அது தவறு. காயம் பட்டதும் உடம்பே ஃபைப்ரின் என்ற இழைகளால் ரத்தக்கட்டியை உண்டாக்கி ஓட்டையை அடைக்கிறது, கூடவே அதைக் கரைக்கும் வேலையையும் தொடங்கிவிடுகிறது. பிளாஸ்மினோஜென் என்ற புரதம் ஃபைப்ரினில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் முனைகளில் போய் உட்கார்ந்து, பிளாஸ்மினாக மாறி இழைகளை நறுக்கும். பெரிய முறிவும் அறுவையும் சேரும்போது இந்தக் கரைப்பு வேலை அளவுக்கு மீறிப் போகிறது. டிரானெக்சாமிக் ஆசிட் பார்க்க லைசினைப் போலவே இருப்பதால், ஃபைப்ரினைப் பிடிக்க வேண்டிய பிளாஸ்மினோஜெனின் இடத்தை அதுவே முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது, யாரோ உட்கார்ந்துவிட்ட நாற்காலி மாதிரி. புதிய கட்டி எதையும் அது உண்டாக்குவதில்லை, இருக்கும் கட்டி சீக்கிரம் கரையாமல் பார்த்துக்கொள்கிறது.

ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் 1962-ல் இதை வெளியிட்டார்கள், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுப்பதுதான் உடாகோவின் நோக்கம். உலகம் கவனிக்க வெகுகாலம் ஆனது. 2010-ல் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகுதான் இது பரவலாகப் பேசப்பட்டது.

வழக்கமாகத் தோலைக் கீறுவதற்குச் சற்று முன் ஒரு கிராம் அளவில் நரம்பு வழியே மெதுவாக ஏற்றுவார்கள். உடம்பில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது, ஆகவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். "கட்டி கரையாவிட்டால் கால் நரம்பிலோ மூளையிலோ அடைப்பு வராதா?" என்ற பயம் நியாயமானது. இதயம் அல்லாத அறுவைகளில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், முக்கியமான ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் 14.2, பெறாதவர்களில் 13.9 சதவீதம். வித்தியாசம் சிறிதுதான், ஆனாலும் ஆபத்தே இல்லை என்று முத்திரை குத்த அந்த ஆய்வால் முடியவில்லை. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவருக்கு மருத்துவர் யோசித்துத்தான் கொடுப்பார், அப்படி யோசிப்பதும் சரிதான்.

இன்னொரு ஆபத்து மருந்தால் வருவதில்லை, மனிதக் கையால் வருவது. முதுகில் போடும் மயக்க ஊசியின் ஆம்பியூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) இதன் ஆம்பியூலும் பார்க்க ஒரே மாதிரி இருந்து, மாற்றி முதுகுத்தண்டுக்குள் செலுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். உலக சுகாதார நிறுவனமே 2022-ல் இதுபற்றி எச்சரித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து தீரும்.

மற்ற வழிகளில் பகட்டு எதுவும் இல்லை. உடம்பைக் கதகதப்பாக வைப்பது ஒன்று, ஏனென்றால் உடல் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினாலே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் உறைவிக்கும் என்சைம்களும் மந்தமாகிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வைட்டமின் கே கொடுத்து அதன் விளைவை முறிக்கலாம். தட்டணுக்களைச் செயலிழக்க வைக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையின் கதை வேறு, அது தட்டணுவின் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும், விளைவு நீங்க ஒரு வாரம் காத்திருந்தால் ரத்தம் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் படுக்கையில் கிடந்து நிமோனியாவும் படுக்கைப்புண்ணும் வரும். அதனால் இப்போது பெரும்பாலும் காத்திருக்காமல் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவையை முடிக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலே ஏற்று என்பது பழைய வழக்கம். இதய நோய் உள்ள அல்லது அதற்கான வாய்ப்பு அதிகமுள்ள 2,016 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் நடத்தி 2011-ல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், 8-க்குக் கீழே போகும் வரை அல்லது நெஞ்சுவலி, மூச்சிரைப்பு மாதிரி அறிகுறி தெரியும் வரை காத்திருந்தவர்களுக்கும் 10-லேயே ஏற்றப்பட்டவர்களுக்கும் நடமாட்டத்திலோ இறப்பிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் மறைந்த கசிவு அறுவைக்குப் பிறகும் தொடரும் என்பதால், தையல் காய்ந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல் முதல் சில நாட்களுக்கு ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.