தஷ்பீஹ்: உவமையா, உருவகமா?

பாரசீகக் கவிதை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘தஷ்பீஹ் என்றால் உவமை, இஸ்திஆரா என்றால் உருவகம்’ என்ற வாய்பாடு சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் முற்பகுதி குறையுடையது; பிற்பகுதி பிழையானது.

தஷ்பீஹ், ‘ஒத்திருத்தல்’ என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்த சொல். ஒன்றை மற்றொன்றுக்கு ஒப்பாகச் சொல்வதைக் குறிக்கும். (மணி உருட்டி ஓதும் தஸ்பீஹ் வேறு வேரைச் சேர்ந்தது.) முஷப்பஹ், முஷப்பஹ் பிஹி, வஜ்ஹெ ஷபஹ், அதாத் என்னும் அதன் நான்கு உறுப்புகளும் முறையே நம் பொருள், உவமை, பொதுத்தன்மை, உவம உருபு ஆகியவையே. ‘சூன்’, ‘ஹம்சூ’, ‘மானந்த்’ என்பன நம் ‘போல’, ‘அன்ன’, ‘ஒப்ப’ செய்யும் வேலையைச் செய்கின்றன.

உருபு மறையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பத்தாம் நூற்றாண்டின் ரூதகீ, தம் அமீரைப் புகாராவுக்குத் திரும்ப அழைக்கும் பாடலில், ‘அமீர் நிலவு, புகாரா வானம், நிலவு வானை நோக்கி வருகிறது’ என்கிறார். முதலடியில் அமீரும் நிலவும் இரண்டுமே சொல்லாக நிற்பதால், உருபு இல்லாவிட்டாலும் பாரசீக அணிநூலார் அதைத் தஷ்பீஹின் ஒரு வகையாகவே கொண்டு ‘தஷ்பீஹெ பலீக்’ என்பர். இரண்டாமடியில் அமீர் மறைந்து நிலவு மட்டும் நிற்கிறதே, அதுதான் இஸ்திஆரா. ‘இரவல் வாங்குதல்’ என்பது அச்சொல்லின் பொருள்.

உவமையையும் பொருளையும் வேற்றுமை நீக்கி ஒன்றென மாட்டுவதே உருவகம் என்கிறது தண்டியலங்காரம். மாட்டுவதற்கு இரண்டும் வேண்டும். ஆகவே உருவகம் என்ற பெயர் ரூதகீயின் முதலடிக்குத்தான் பொருந்தும். இரண்டாமடி, ‘பாவை வந்தாள்’ என்பது போன்ற உவமையாகுபெயர். அச்சொல் பொது வாசகர்க்குக் கடினம் என்பர். பள்ளி இலக்கணத்தில் எல்லோரும் படித்த சொல்லைக் கடினம் என்பது வாசகரைக் குறைத்து மதிப்பதாகும்.

உண்மையில் இந்தக் குழப்பம் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆங்கிலப் பாகுபாடு ‘போல’ உண்டா இல்லையா என்று பார்க்கிறது. பாரசீகப் பாகுபாடோ ஒப்பிடப்படும் பொருள் சொல்லில் நிற்கிறதா என்று பார்க்கிறது. இதனை உணராத மொழிபெயர்ப்பாளர்கள், பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ் கண்ணைச் சொல்லாமல் ‘நர்கிஸ்’ என்று மட்டும் நிறுத்தும் இடத்தில் ‘நர்கிஸ் மலர் போன்ற கண்’ என்று எழுதி, கவிஞர் நீக்கிய கண்ணையும் உருபையும் தாமே சேர்த்து, இஸ்திஆராவைத் தஷ்பீஹாக்கி விடுகிறார்கள். கூந்தல் என்றே எழுதாமல் ‘சும்புல்’ என்ற மலராக நிற்கும் கூந்தலுக்கும், ‘லால்’ என்ற மாணிக்கமாக நிற்கும் இதழுக்கும் இதே கதிதான்.

உருவகத்தைத் தனி அணியாகப் பிரிக்காமல் உவமவியலுக்குள்ளேயே அடக்கியவர் தொல்காப்பியர். எனவே தஷ்பீஹின் முழு அகலத்துக்கும் அவருடைய ‘உவமம்’ என்ற சொல்லே நிகரானது. பலீக் வகைக்கு உருவகம் என்றும், இஸ்திஆராவுக்கு உவமையாகுபெயர் என்றும் வழங்கலாம். ‘மரணத்தின் நகங்கள்’ என்பதுபோல் பொருளான மரணம் நின்று உவமையான விலங்கு மறையும் மக்னிய்யா என்ற இஸ்திஆரா வகைக்கு மட்டும் இப்பெயர் பொருந்தாது. அதை வரும் இடத்தில் தனியே விளக்கியாக வேண்டும்.