முட்டை போத்தலுக்குள் போகுமா?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். எட்டாம் ஆண்டு படிக்கும் மகன் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறானாம். அதே பிள்ளை, டிவியில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டு பரிசோதனை காட்டினால், தட்டில் போட்ட சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறானாம். "அந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார்? இதில் பிள்ளை ஏதாவது படிக்கிறானா, இல்லை சும்மா வேடிக்கையா?" என்பது கேள்வி.

உற்சாகம் தொற்றும், அதில் சந்தேகமில்லை. பேசுகிறவர் கண்ணை விரித்தால் நம் முகமும் நம்மை அறியாமல் கொஞ்சம் விரிகிறது. குரல் ஏறி இறங்கினால் கவனம் கலையாமல் நிற்கிறது. லண்டனில் ரோயல் இன்ஸ்டிடியூஷன் 1825இல் சிறுவர்களுக்கான நத்தார் சொற்பொழிவுகளைத் தொடங்கிய காலத்திலேயே இது தெரிந்திருந்தது. மைக்கேல் ஃபாரடே ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுவதும் பேசியது அந்த மேடையில்தான். ஆனால் துள்ளலும் கத்தலும் மட்டும் போதும் என்றால் நம்மூர்த் தேர்தல் கூட்டங்களிலேயே பாதிப் பிள்ளைகள் விஞ்ஞானியாகியிருப்பார்கள். வேறு ஒன்று இருக்கிறது.

ஜூலியஸ் சம்னர் மில்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1963இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் பரிசோதனை காட்டினார். கலைந்த முடி, நெரித்த புருவம், சண்டைக்கு வருவதுபோல ஒரு குரல். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வித்தை, முட்டையைப் போத்தலுக்குள் அனுப்புவது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்குள் எரியும் கடதாசித் துண்டைப் போட்டு, அவித்து உரித்த முட்டையை உடனே போத்தல் வாயில் வைக்க வேண்டும். முட்டை வாயைவிடச் சற்றுப் பெரியது. கொஞ்ச நேரத்தில் அது நீண்டு, நெளிந்து, 'பொளக்' என்று உள்ளே விழும்.

ஏன்? "நெருப்பு ஒட்சிசனைத் தின்றுவிட்டது, அந்த இடம் வெற்றிடமானது" என்று பல ஆசிரியர்களே சொல்கிறார்கள். அது சரியில்லை. ஒட்சிசன் எரிந்தால் அதன் இடத்தில் காபனீரொட்சைட்டும் நீராவியும் வருகின்றன. நடப்பது வேறு. சுடர் உள்ளேயிருக்கும் காற்றைச் சூடாக்க, காற்று விரிந்து வெளியே போகப் பார்க்கிறது. அப்போது முட்டை போத்தல் வாயில் லேசாகத் துள்ளும், பிரஷர் குக்கரின் வெயிட் ஆடுவதுபோல. சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து அமுக்கம் குறைகிறது. வெளியே போன காற்று திரும்பி வர முட்டை வழி விடுவதில்லை. ஆகவே வெளியில் இருக்கும் வளிமண்டலம் முட்டையையே உள்ளே தள்ளுகிறது. போத்தல் எதையும் உறிஞ்சவில்லை.

எனக்குப் பிடித்தது முட்டையைவிட அதற்கு முந்தைய சில விநாடிகள். நல்ல நிகழ்ச்சிப் படைப்பாளர் அங்கே நிறுத்துவார். "என்ன நடக்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்!" அந்த இடைவெளியில் பிள்ளையின் மூளை ஒரு பந்தயம் கட்டிவிடுகிறது.

இதை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளை வைத்துத் துல்லியமாகக் காட்டினார். நடுமூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் இருக்கின்றன. எதிர்பாராமல் பழச்சாறு ஒரு சொட்டு கிடைத்தால் அவை படபடவெனத் துடிக்கும். சாறு வருமுன் ஒரு வெளிச்சம் காட்டிப் பழக்கினால், துடிப்பு வெளிச்சத்துக்கு மாறிவிடும். அப்புறம் சாறு வந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, அது தெரிந்த விஷயம். வெளிச்சம் காட்டிவிட்டுச் சாற்றைத் தராவிட்டால்தான் அழகு: சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்தக் கலங்கள் அடங்கிப்போகின்றன. வராத ஒன்றுக்கு, வரவேண்டிய நேரத்தில் ஒரு மௌனம்! ஆக அந்தக் கலங்கள் வெறும் இன்பத்தை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. ஷுல்ட்ஸும் தயான், மொன்டேக் என்ற இருவரும் 1997இல் இதைக் கணித வடிவில் எழுதினார்கள். மூளை கற்பதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று அன்றிலிருந்து பலரும் கருதுகிறார்கள். பந்தயமே கட்டாத பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து வரும்?

காத்திருப்புக்கும் தனிப் பலன் உண்டு. கலிபோர்னியாவில் 2014இல் வெளியான ஆய்வொன்றில், ஆட்களிடம் பொது அறிவுக் கேள்வி கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திருக்கும்போது சம்பந்தமேயில்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். விடையை அறியும் ஆவல் அதிகமாக இருந்த வேளையில் பார்த்த முகங்கள், மறுநாள்கூட, கூடுதலாக நினைவில் நின்றன. ஆவல் எழும்போது டோபமின் பகுதியும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து இயங்குகின்றன. கதவைக் கேள்வி திறந்துவிட்டால், பக்கத்தில் நிற்பதும் உள்ளே வந்துவிடுகிறது.

சரி, தாயின் இரண்டாவது கேள்வி: பிள்ளை படிக்கிறானா, சும்மா வேடிக்கையா? ஹார்வர்டில் இயற்பியலாளர் எரிக் மஸூரின் குழு 2004இல் இதைச் சோதித்தது. வகுப்பில் செய்துகாட்டலைச் சும்மா பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்தவர்கள் முன்னேறினார்கள். ஊகிக்கத் தேவைப்பட்டது ஓரிரு நிமிடம்தான்.

உற்சாகத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை "டொக்டர் ஃபொக்ஸ்" என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் அமர்ந்த சபையில் பேசவிட்டார்கள். பேச்சு முழுக்க அர்த்தமில்லாத, முன்னுக்குப்பின் முரணான சொற்கள். சிரிப்பும் நட்பும் மட்டும் தாராளம். கேட்டவர்கள் நன்றாக மதிப்பிட்டார்கள். அவர் எழுதியதை ஏற்கெனவே படித்திருப்பதாகக்கூட ஒருவர் சொன்னார்! 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குத் தேன் கலந்த பாணி தருவதாகச் சொன்னவரின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாமும் பார்த்தோம். காலையில் டிவியைப் போட்டால் ராசிபலன் சொல்பவரும் அதே கையசைவு, அதே ஏற்ற இறக்கம்தான். ஒரு வித்தியாசம்: அவர் ஊகிக்கச் சொல்வதில்லை, பிழையா சரியா என்று பார்க்கவும் விடுவதில்லை. நம் அரசு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதம்கூட இல்லை. தோட்டப் பாடசாலை ஆய்வுகூடங்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் டிவியில் தேடுவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரூபவாஹினித் தொலைக்காட்சியின் கோபுரம் நிற்பது நம் தலைக்கு மேலே பீதுருதாலகால மலையில். அந்த 2,524 மீற்றர் உயரத்தில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்? நீங்களும் ஊகியுங்கள் பார்ப்போம். புத்தகம் 100 என்கிறது. ஹட்டனில் அது ஏறக்குறைய 96, நுவரெலியாவில் 94, மலை உச்சியில் 92. உயரே போகப்போக வளிமண்டலத்தின் அமுக்கம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது, சூடோ குறைவு. பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். முட்டையைத் தள்ளிய அதே வளிமண்டலம்தான் இதிலும்.

ஆகவே அம்மா, மகன் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். கைபேசியில் பார்க்கிறான் என்றால், முட்டை விழுமுன் நிறுத்திவிட்டு "என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "தெரியாது" என்று தப்பிக்கப் பார்ப்பான். "உள்ளே போகுமா, வெளியே பறக்குமா?" என்று இரண்டில் ஒன்றைச் சொல்லவையுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் பிறகு மாற்றிக்கொள்வான்.