பாதித் தூரத்துக்குப் பிறகு கால் ஏன் கனக்கிறது?

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளித் திடலில் 800 மீட்டர் ஓடிப் பழகும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "பாதி தூரம் பறந்துடுறேன் சார், அப்புறம் கால் நகரவே மாட்டேங்குது. ஏன்?"

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 விநாடியில் உலகச் சாதனையோடு தங்கம் வென்ற கென்யாவின் டேவிட் ருடிஷாவுக்கும் இது நேர்ந்தது. முதல் 400 மீட்டர் 49.28 விநாடி, அடுத்த 400 மீட்டருக்கு 51.63. 1985இல் ஜகார்த்தாவில் ஆசிய வெற்றியாளரான நம் மலேசியாவின் பி. ராஜ்குமாரின் 1:47.37 ஓட்டத்திலும் தசைக்குள் நடந்த வேதியியல் இதுதான்.

தசையின் எரிபொருள் ஏடிபி. கையிருப்பு சில விநாடிகளில் தீரும். அதை உடனே மீட்டுத்தரும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆக்சிஜன் வழி முழுவீச்சுக்கு வர நேரம் பிடிப்பதால், தசை சர்க்கரையை அவசரமாக உடைக்கிறது. அப்போது லாக்டேட் (பலரும் லாக்டிக் ஆசிட் என்று சொல்வது) பெருகுகிறது.

பல காலமாக இதை நஞ்சு என்றே சொல்லிவந்தார்கள். உண்மையில் அது அருமையான எரிபொருள்! காலைக் கனக்கவைப்பதில் பெரும்பங்கு, கூடவே சேரும் பாஸ்பேட்டுக்கும் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளுக்கும்தான். லாக்டேட்டோ, செல் சவ்விலுள்ள ஒரு புரதத்தின் வழியே வெளியேறும்போது, ஆளுக்கொரு ஹைட்ரஜன் அயனியையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு பக்கத்திலுள்ள மெதுவகைத் தசை நார்களில் எரிகிறது. இதயத்துக்குப் போய் அங்கும் எரிகிறது. கல்லீரலை அடைந்தால் மறுபடி சர்க்கரையாகிறது. ஒரே ஓட்டத்துக்குள் ஒரு தசை நார் வெளியேற்றியதை இன்னொன்று வாங்கி எரிக்கிறது! அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களில் இந்தப் போக்குவரத்தை எடுத்துச் சொன்னபோது பலர் எளிதில் ஏற்கவில்லை. தொடர்ந்து பயிற்சி செய்தால் அந்தப் புரதங்களும், செல்லுக்குள் லாக்டேட்டை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளும் பெருகும்.

காலில் மந்திரித்த கயிறு கட்டி ஓடவிடும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் அன்பு புரிகிறது. ஆனால் கயிறு ஒரு புரதத்தையும் கூட்டாது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமெடுத்து லாக்டேட்டை அளக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன. தோட்டப்புறப் பள்ளிகளுக்குக் கோப்பைகளை நன்கொடையாகத் தருபவர்கள், மாவட்டத்துக்கு ஒன்றாவது வாங்கித் தரலாம்.

"லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு, மூணு நாள் ஓடாதே" என்பதும் தவறு. ஓடி முடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலி, தசை நார்களின் நுண்ணிய சேதத்தால் வருவது. ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் மெதுவாக ஓடினால் லாக்டேட் இன்னும் சீக்கிரம் குறையும். வேலை செய்யும் தசை அதை எரித்துக்கொள்ளும்.