எல்ஓஐ கையில இருந்தா சிபிஜி பிளாண்ட் ஓடிருமா?

போன மாசம் ராசிபுரம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, சாணி, எருவுல இருந்து சிபிஜி, அதாவது அழுத்தி அடைச்ச பயோகேஸ் எடுக்கற பிளாண்ட் போடணும்னு. ஃபைலைத் திறந்தா உள்ள ஆயில் கம்பெனி குடுத்த எல்ஓஐ (லெட்டர் ஆஃப் இன்டென்ட், சம்மதக் கடிதம்), லேமினேட் பண்ணி வெச்சிருக்காரு. "கவர்மெண்டே ஓகே சொல்லிருச்சு தம்பி, இனி லோன் வாங்கி பிளாண்ட் போட வேண்டியதுதான்"ங்கறாரு. நீங்க கேஸ் தயாரிச்சு அது தரமாவும் இருந்தா நாங்க வாங்கிக்கறோம், இவ்வளவுதான் அந்த பேப்பர்ல இருக்கு. அது லோனும் இல்ல சப்சிடியும் இல்ல. அதை வாங்கித் தந்ததுக்கு ஒரு கன்சல்டண்ட் தனியா ஃபீஸ் வேற கறந்திருக்கான்.

நான் பயோகேஸ் பிளாண்ட் ஓட்டறவன். 2018 அக்டோபர்ல சிபிஜி தயாரிச்சா ஆயில் கம்பெனிகளே வாங்கிக்கும்ங்கற மத்திய அரசோட சதத் திட்டம் வந்தப்ப எங்க ஃபீல்டே துள்ளிக் குதிச்சுது, 2023க்குள்ள 5000 பிளாண்ட், வருசத்துக்கு 1.5 கோடி டன் கேஸ்னு சொன்னாங்க. எல்ஓஐ ஆயிரக்கணக்குல போச்சு, ஆனா 2023ல ஓடிட்டு இருந்த பிளாண்ட் நூறைக்கூட தொடல.

பணம் எவ்வளவு வருதுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு 4800 கிலோ கேஸ் எடுக்கற புது பிளாண்ட்டுக்கு மத்திய அரசு 2022ல அறிவிச்ச மானியம் 4 கோடி, ஒரு புராஜெக்ட்டுக்கு அதிகபட்சம் 10 கோடி. அந்த சைஸ் பிளாண்ட் கட்ட 30 கோடிக்கு மேல ஆகும், மானியமும் பெரும்பாலும் ஓட்டிக் காட்டுன பிறகுதான் கைக்கு வரும். அதுவரைக்கும் பேங்க் வட்டி யார் கட்டறது?

என்னைக் கேட்டா உருப்படியான சப்போர்ட் கலப்பு கட்டாயம்தான். வண்டிக்கு அடிக்கற சிஎன்ஜிலயும் வீட்டுக்கு பைப்ல வர்ற கேஸ்லயும் 2025-26ல 1 சதவீதம், அடுத்து 3, 4, 2028-29ல இருந்து 5 சதவீதம் சிபிஜி இருக்கணும்னு வெச்சிருக்காங்க. இது வந்த பிறகுதான் வாங்கறவன் நம்மளைத் தேடி வர்றான்.

ஆனா எருவை நொதிக்க வெச்சு கேஸ் எடுக்கற தொட்டிக்கு, அதான் டைஜஸ்டருக்கு, எல்ஓஐ தெரியாது, கட்டாயமும் தெரியாது, தினமும் தீனி போடணும், அவ்வளவுதான். ஒரு டன் கேஸுக்கு ஏறக்குறைய 50 டன் மாட்டுச்சாணி, சர்க்கரை மில் கழிவான பிரஸ்மட்னா 25 டன். அந்த பிரஸ்மட்டும் மில் ஓடற சீசன்லதான், அள்ளிக் குவிச்சு வெச்சா யார்டுலயே மக்கி கேஸ் வீணாப்போயிரும். முன்ன லாரி வாடகை குடுத்து எடுத்துட்டுப் போங்கப்பான்னு சொன்ன மில்லுல இப்ப ரேட் பேசறாங்க.

கோழி எரு இருக்கேன்னு நாமக்கல்காரங்க கேப்பீங்க. இருக்குதான். முட்டை போடற லேயர் கோழித் தீவனத்துல சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல்னு போடுவாங்க, அது எருவோட வந்து, கூடவே தரை மண்ணும் இறகும் சேர்ந்துக்கும். ஒரு பிளாண்ட்ல கேஸ் குறைஞ்சுட்டே போகுதுன்னு டைஜஸ்டரைக் காலி பண்ணினோம், அடியில முழங்கால் உசரத்துக்கு கல்லு மாதிரி இறுகுன மணல், மிக்ஸர் பிளேடுல கயிறு திரிச்ச மாதிரி இறகு. சுத்தம் பண்ணவே ஒன்றரை மாசம் ஆச்சு, அந்த ஒன்றரை மாசமும் வருமானம் பூஜ்யம். தண்ணி கலந்து கல்லைத் தனியா இறக்கற தொட்டி முன்னாடி ஒண்ணு கட்டியிருந்தா இந்த வினையே இல்ல, செலவு மிச்சம்னு விட்டுட்டாங்க. அமோனியா பிரச்சனை தனி, கோழி எருவை மட்டும் போட்டா அமோனியா ஏறி, கேஸ் உண்டாக்கற பாக்டீரியா முடங்கிரும், மரவள்ளி திப்பியோ வேற ஏதாவதோ சேர்த்தே ஆகணும்.

அப்புறம் கேஸ் எடுத்த பிறகு வெளிய வர்ற கூழ், ஸ்லரி. பிழிஞ்சு எருவா வித்தா டன்னுக்கு 1500 ரூபா உதவித்தொகை 2023ல அறிவிச்சாங்க, நல்ல விசயம்தான். ஆனா 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்கு கடையில கிடைக்குது, அதுல இருக்கற தழைச்சத்துக்கு எங்க எருவை ஒரு டன்னுக்கு மேல அள்ளிப் போடணும், இதுல விவசாயி எதை வாங்குவான்னு நீங்களே சொல்லுங்க. மண்ணுக்கு எரு நல்லதுன்னு நான் மீட்டிங்ல மைக் புடிச்சு பேசுவேன், கேட்டுட்டு தலையாட்டிட்டு யூரியா வாங்கப் போவாங்க.

அந்த அண்ணன்கிட்ட ஒரு நாளைக்கு 5 டன் கேஸை சாணியில எடுக்கணும்னா 250 டன் வேணும்னு கணக்கு போட்டுக் காட்டுனேன், ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ போட்டாலும் 25,000 மாடு. "எங்க தாலூகா பூரா ஓட்டிட்டு வந்தாலும் பத்தாதே தம்பி"ன்னு சிரிச்சுட்டாரு. சரி, கோழிப்பண்ணைக்காரங்க அஞ்சு வருசத்துக்கு எரு தர்றோம்னு பத்திரத்துல கையெழுத்து போடுவாங்களா, கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன்.

போன வாரம் போன் பண்ணாரு. பதினோரு பண்ணையில ரெண்டே ரெண்டு பேர்தான் சரின்னாங்களாம், மத்தவங்க அன்னன்னிக்கு எவன் கூட ரேட் தர்றானோ அவனுக்குத்தான்னு சொல்லிட்டாங்களாம். அந்த ரெண்டு பண்ணை எருவுக்கு எவ்வளவு சின்ன பிளாண்ட் தாங்கும்னு இப்ப கணக்கு பாத்துட்டு இருக்கேன்.