பூட்டிய வீடும் திறந்த கமராவும்

கிளிநொச்சியில் கண்காணிப்புக் கமரா பூட்டிக் கொடுப்பது என் தொழில். பிள்ளைகள் லண்டனிலோ பாரிசிலோ இருப்பார்கள். இங்கே அம்மா தனியாக இருப்பார், அல்லது வீடு பூட்டிக் கிடக்கும். அங்கிருந்தபடியே முற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த ஆசையில் எந்தத் தவறும் இல்லை.

அண்மையில் முரசுமோட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். கமரா இரவில் தானாகத் திரும்புகிறது என்றார் அந்த அம்மா. கழற்றிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த தாளில் கடவுச்சொல் 123456. பூட்டியவர் அதை மாற்றவேயில்லை. தயாரித்தவரின் பெயரோ முகவரியோ பெட்டியில் இல்லை. கிணற்றடி முழுதாகத் தெரியும் கோணம். "தம்பி, யாரெல்லாம் பார்த்திருப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

2016இல் 'மிராய்' என்ற தீநிரல் (கருவிகளுக்குள் புகுந்து அவற்றைக் கைப்பற்றும் கெட்ட நிரல்), இப்படி மாற்றப்படாத கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே இலட்சக்கணக்கான கமராக்களுக்கும் ரவுட்டர்களுக்கும் உள்ளே நுழைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்தக் கருவிகளை ஏவித்தான் தாக்குதல்காரர்கள் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள்.

வாங்குபவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், இப்போது சட்டம் தயாரிப்பாளரைப் பிடிக்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கமராவுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், இல்லையேல் வாங்குபவரே அமைக்க வேண்டும். பாதுகாப்புக் குறை கண்டவர் யாரிடம் அறிவிப்பது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் திகதி வரை கிடைக்கும் என்பவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீறினால் தண்டம் ஒரு கோடி பவுண் வரையோ, உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம் வரையோ போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தோடு இணையும், வைஃபை போன்ற வானொலி அலையில் இயங்கும் கருவிகளுக்கான பாதுகாப்பு விதிகள் 2025 ஓகஸ்ட் 1 முதல் கட்டாயம். அதைவிட விரிவான சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பர் 11இலிருந்து முழுமையாகப் பொருந்தும்.

கடவுச்சொல்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து புதுப்பிப்பு நின்றுபோன கருவி. கடவுச்சொல்லை நாமே மாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் ஓட்டையைத் தயாரித்தவர்தான் அடைக்க வேண்டும். பெயரில்லாத பெட்டிக்கு யாரைத் தேடிப் போவது?

இந்தச் சட்டங்கள் அந்தந்த நாட்டுச் சந்தையில் விற்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். நம் சந்தைக்கு வரும் பெயரில்லாப் பெட்டியை அவை தொடாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் உறவுகளே, அங்குள்ள கடையிலேயே வாங்குங்கள். பிரித்தானியாவில் வாங்கினால் கூடவே வரும் இணக்கச் சான்றை, அதாவது கருவி சட்டத்துக்கு இணங்கியது என்று தயாரித்தவர் தரும் தாளை, எறிந்துவிடாதீர்கள். புதுப்பிப்புக் காலம் அதில்தான் எழுதியிருக்கும். இங்கே ஏற்கெனவே கமரா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கிணற்றடியையும் அறை வாசலையும் விட்டுப் படலைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அந்த அம்மாவின் கமராவை நான் திரும்பப் பூட்டவில்லை. லண்டனில் இருக்கும் மகனோடு பேசினேன். புதிது வாங்கியதும் அதன் இணக்கச் சான்றைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பழையது என் மேசையில் கிடக்கிறது.