விகடகவியைத் திருப்பிப் போட்டால்

விகடகவி. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல். தெனாலிராமன் கதை கேட்ட எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது.

இதை நான் கண்ணால் பார்த்தது ஓசூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் கணினி லேபில். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது; நிரல், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகள், எழுதும் மொழி அது. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு, அது பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பைத்தான் கற்கும் எல்லோரும் செய்கிற பயிற்சி. ஆங்கிலச் சொற்களுக்கு நிரல் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பையன் விகடகவி என்று தமிழில் தட்டினான். 'இல்லை' என்று வந்தது. சரி, திருப்பியதைக் காட்டு என்றால், திரையில் '◌ிவகடகிவ' என்று நின்றது. முதலில் புள்ளி வைத்த ஒரு வட்டம், அதில் தொங்கும் ஒரு மேல்விலங்கு, அதாவது 'கி', 'வி'யின் மேலே வளையும் குறி.

"சார், வைரஸா?"

வைரஸ் இல்லை, நிரலிலும் பிழை இல்லை. அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று கம்ப்யூட்டரைக் கேட்டோம். வி, க, ட, க, வி என்று நாம் ஐந்து எண்ணுகிறோம். அது 7 என்றது.

கம்ப்யூட்டருக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது, எண்தான் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியல்தான் யூனிகோடு. 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பதோ 247 எழுத்து. 'கி'க்கு ஒன்று, 'கீ'க்கு ஒன்று என்று தனித்தனி எண் கொடுக்கவில்லை. 'க'வுக்கு 2965, மேல்விலங்குக்கு 3007. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 'கி'. சேர்த்து வரைகிற வேலை எழுத்துருவுடையது, அதாவது ஃபான்டுடையது.

இப்போது விகடகவி உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்: 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007. ஏழு எண். பின்னாலிருந்து படித்தால் 3007 முதலில் வந்துவிடுகிறது. மேல்விலங்கு எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். முன்னால் யாரும் இல்லாததால் வட்டத்தில் தொங்குகிறது. இன்னொரு மேல்விலங்கு 'வ'வை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த 'க'வில் ஏறிக்கொண்டு அதைக் 'கி' ஆக்கிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. இலக்கணத்தில் 'க்' மெய், அரை மாத்திரை. அதோடு 'அ' சேர்ந்தால்தான் 'க', ஒரு மாத்திரை. யூனிகோடில் இது தலைகீழ். 'க'வுக்கு ஓர் எண் போதும். 'க்' வேண்டுமென்றால் 'க'வோடு புள்ளிக்குரிய 3021ஐயும் போட வேண்டும். அரை மாத்திரைக்கு இரண்டு எண், முழு மாத்திரைக்கு ஒன்று! தமிழாசிரியரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

ஏன் இப்படி? யூனிகோடு இந்திய மொழிகளுக்கு இடம் பிரித்தபோது, 'இஸ்கி' என்ற இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சு என்பது அதன் திட்டம். அந்த அச்சில் 'க'வுக்கு நான்கு வகை உண்டு. தமிழுக்கு ஒன்றுதான். ஆகவே 2965இல் 'க', 2969இல் 'ங', நடுவில் மூன்று இடம் காலி. தறியில் இழை அறுந்த இடம் மாதிரி, தமிழ்ப் பட்டியல் நெடுக இப்படி ஓட்டைகள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து வகுப்பறைக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. அங்கே பள்ளியில் தமிழும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ்க் 'க'வின் 2965உடன் 128ஐக் கூட்டச் சொன்னேன். 3093. அந்த எண்ணுக்குரிய எழுத்தைக் கேட்டால் தெலுங்குக் 'க' வருகிறது. இன்னொரு 128 கூட்டினால் 3221, கன்னடக் 'க'. அப்புறம் என்னை யாரும் கவனிக்கவில்லை. ஊர்ப் பெயர்களைத் தமிழில் தட்டி, ஒவ்வோர் எண்ணிலும் 128ஐக் கூட்டி, 'எங்க பாட்டிக்குக் காட்டணும்' என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். 'ழ' போன்ற எழுத்து வந்தால் கொஞ்சம் தடுமாறும், ஆனால் பெரும்பாலும் ஒத்துவரும்.

அகரவரிசையும் இதே கோளாறுதான். வயல், வனம் என்ற இரண்டில் தமிழ் அகராதி வயலை முதலில் வைக்கும், 'ன' கடைசி எழுத்து என்பதால். எண் பார்த்து அடுக்கும் கம்ப்யூட்டர் வனத்தை முதலில் வைக்கும். 'ன' 2985, 'ய' 2991.

'கொ' இன்னும் தந்திரக்காரன். இரு பக்கமும் நிற்கும் அந்தக் குறிக்கு 3018 என்று தனி எண் உண்டு. கொம்பு 3014, கால் 3006 என்று பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவிதமாகத் தட்டிய கொய்யாவை இன்னொரு விதமாகத் தேடினால், கண்ணெதிரே இருப்பதே கிடைக்காமல் போகலாம். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது.

கணினிப் பாடத்தில் உதாரணம் என்றாலே ஆங்கிலச் சொல்தான் என்ற பழக்கம் நமக்கு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்று கச்சிதமாகப் பொருந்துவதால், உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. தமிழில் ஒரு சொல்லைத் தட்டினால் முதல் நாளே குட்டு உடைந்துவிடுகிறது.

திருத்துவது எளிது. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போக வேண்டும். 3006 முதல் 3021 வரை உள்ள எண் வந்தால் அது குறி, முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடு. மற்றபடி எது வந்தாலும் புது எழுத்து என்று பட்டியலில் சேர். பிறகு அந்தப் பட்டியலைத் திருப்பு. ஐந்தாறு வரி. இந்த வேலையைச் செய்ய 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு உண்டு என்றாலும், பிள்ளைகள் முதலில் தாங்களே எழுதிப் பார்ப்பது நல்லது. விகடகவிக்கு இந்த முறை 'ஆம்' என்று பதில் வந்தது.

பிறகு அவரவர் பெயரைப் போட்டு எண்ணத் தொடங்கினார்கள். இந்தக் காலத்து வகுப்பில் தீக்ஷிதா என்று ஒரு பிள்ளையாவது இருக்கும். நிரல் அந்தப் பெயரை தீ, க், ஷி, தா என்று நான்காக வெட்டியது. 'க்ஷ'வுக்கு யூனிகோடில் தனி எண் இல்லை. க, புள்ளி, ஷ என்று மூன்று எண் சேர்ந்தால் எழுத்துருதான் அதை ஒன்றாக வரைகிறது. பெயருக்குச் சொந்தக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றெழுத்துப் பெயர் தன்னுடையது என்று சொல்லி, 'க்' முடிந்து 'ஷ' வந்தால் சேர்த்துவிடு என்று இன்னொரு வரியை நிரலில் எழுதிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.